ஒன்றாயிருத்தலும் பகிர்தலும்

கேரளத்தின் கிழக்கு எல்லையில், பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ்வழி வகுப்புகள் நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் ஓடுவது லினக்ஸ். 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறிய திட்டம், கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்கூடத்து வழக்கமாகவே ஆக்கிவிட்டது. நல்ல காரியம். ஆனால் தமிழில் வேலை செய்பவருக்கு ஒரு பழைய சுமை உண்டு. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கரில் அடித்து வைத்த தாள்களும் மலர்களும் விண்டோஸில்தான் ஒழுங்காகத் திறக்கும். அதற்காக லினக்ஸ் கணினிக்குள்ளேயே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு இன்னொரு கணினியை உண்டாக்கி, அதில் விண்டோஸை ஏற்றிக்கொள்வது ஒரு வழி. இப்படி உண்டானதை விர்ச்சுவல் மெஷின் என்கிறார்கள்; இங்கே அதை உள்கணினி என்றும், அதைத் தாங்கி நிற்பதை வெளிக்கணினி என்றும் சொல்லிக்கொள்கிறேன். இரண்டும் ஓடத் தொடங்கியதும் முதலில் வரும் தொல்லை கோப்புப் பகிர்வு. லினக்ஸில் இருக்கும் ஃபோல்டர் விண்டோஸுக்குத் தெரியாது. விண்டோஸில் செய்த திருத்தம் லினக்ஸுக்கு வராது. பிணையப் பாதை கிடைக்கவில்லை என்று திரை சொல்லும். ஒரே பெட்டிக்குள், ஒரே மின்சாரத்தில் ஓடும் இரண்டுக்கு நடுவே எந்தப் பாதை கிடைக்கவில்லை?

இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று மட்டும் எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். என் எண்ணத்தில், இதற்கு அடியில் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டுவரும் சமயக் கேள்வி ஒன்று இருக்கிறது. அடிப்படை ஒன்று என்றால், அதன்மேல் நிற்பவற்றுக்கு இடையிலான வேறுபாடு பொய்யாகிவிடுமா? அடிப்படை ஒன்றே என்று அறிந்துவிட்டால் தடுப்பு தானாக விலகிவிடுமா? ஆம் என்று சொல்லும் அத்வைத மரபுக்கு இங்கே ஆழமான வேர் உண்டு. சங்கரர் பிறந்த காலடி இதே கேரளத்தில் இருக்கிறது. பாலக்காட்டு அக்ரகாரங்களின் தமிழ் ஸ்மார்த்தர்கள் அவர் வழி வந்தவர்கள். அத்வைதம் அக்ரகாரத்தோடு நிற்கவுமில்லை: துஞ்சத்து எழுத்தச்சன் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில் இருக்கிறது. அவர் மலையாளத்தில் தந்த அத்யாத்ம ராமாயணம், அத்வைதச் சார்புள்ள அந்த ராமாயணம், கர்க்கடக மாதத்தில் வீடு வீடாகப் படிக்கப்படுகிறது. எளிய மனிதரின் நாவிலும் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்ற சொல் இங்கே சரளமாக வரும்.

அத்வைதிகள் இதற்குச் சொல்லும் பழைய உவமை குடத்துக்குள் இருக்கும் வெளி. குடத்துக்கு உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒரே வெளி. இரண்டாகக் காட்டுவது குடத்தின் சுவர். குடம் உடைந்தால் உள்வெளி புறவெளியோடு கலந்துவிடும், உண்மையில் அது என்றுமே பிரிந்திருக்கவில்லை. இந்த உவமையைச் சோதித்துப் பார்க்க விர்ச்சுவல் மெஷினைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. உள்கணினிக்கென்று தனி ப்ராசசர் கிடையாது. வெளிக்கணினியின் ப்ராசசரே அதற்கும். நினைவகமும் வட்டும் அப்படியே. உள்கணினி தன் வன்வட்டு என்று நினைப்பது, வெளிக்கணினியின் வட்டில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. அதாவது உள்கணினியில் சேமித்த கடிதத்தின் ஒவ்வொரு எழுத்தும் அப்போதே வெளிக்கணினியின் வட்டில்தான் பதிந்திருக்கிறது. இருந்தும் வெளிக்கணினியிடம் அந்தக் கடிதம் இல்லை. அதன் கண்ணுக்குப் படுவது பெயரும் அளவும் உள்ள ஒற்றைக் கோப்பு மட்டுமே. அதற்குள் கடிதம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. குடத்தை உடைத்துப் பார்ப்போம்: உள்கணினியை அதன் வட்டுக் கோப்போடு அழித்தால், அதிலிருந்தவை வெளிக்கணினியோடு கலந்துவிடுவதில்லை. அழிந்து போகின்றன. முன்பே பகிர்ந்துகொண்டவை மட்டும் தப்பும்.

இந்தப் பிரிவு ஏதோ கவனக்குறைவால் வந்த குறையும் இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களில் ஒரே பெரிய கணினியைப் பலர் தனித்தனிக் கணினிபோல் பயன்படுத்துவதற்காக இந்த முறையை வளர்த்தது, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1974-இல் போபெக், கோல்ட்பர்க் என்ற இரு அறிஞர்கள் விர்ச்சுவல் மெஷினுக்கு இலக்கணம் வகுத்தபோது, மெய்யான கணினியை அப்படியே ஒத்த, ஆனால் அதனிடமிருந்து தனித்து நிற்கும் நகல் என்ற கருத்தையே மையமாக வைத்தார்கள். தனித்து நிற்பது அதன் வரையறையிலேயே இருக்கிறது. ஒன்றில் வந்த கேடு மற்றொன்றைத் தொடாமலிருப்பதும், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமலிருப்பதும் இந்தப் பிரிவு தரும் நன்மைகள். ஆகவே பகிர்வுக் கோளாறைச் சரிசெய்ய உட்காருகிறவர் பிரிவைக் குற்றம் சொல்ல இடமில்லை. பிரிவு இருக்கும்போதே பொருள் எப்படிக் கடக்கும் என்பதே அவர் விடை காணவேண்டிய கேள்வி.

அதற்கு அவர் செய்யும் வேலைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். முதலில் பிணையம். விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாகத் தரும் நாட் அமைப்பில் உள்கணினிக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும்; அது வெளிக்கணினியை 10.0.2.2 என்ற முகவரியில் எட்டலாம். ஆனால் வெளிக்கணினியோ, அதே அறையிலுள்ள வேறு கணினியோ உள்கணினியின் கதவைத் தானாகத் தட்ட முடியாது. இரண்டு பக்கமும் பேசவேண்டும் என்றால் ஹோஸ்ட்-ஒன்லி என்ற அமைப்பில், வழக்கமாக 192.168.56 என்று தொடங்கும் தனிப் பிணையத்தில், இரண்டுக்கும் ஆளுக்கொரு முகவரி கொடுக்கவேண்டும். அல்லது பிரிட்ஜ் அமைப்பில் உள்கணினியும் ரூட்டரிடம் முகவரி வாங்கி, பள்ளியின் இன்னொரு கணினிபோல் நிற்கவேண்டும். அடுத்தது ஃபயர்வால். விண்டோஸ் அந்தப் பிணையத்தைப் பொதுவிடம் என்று கருதினால் கோப்புப் பகிர்வுக்குரிய 445-ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருக்கும். இது நம்பத்தக்க தனிப் பிணையம் என்று அதற்குச் சொல்லவேண்டும். பிறகு அடையாளம். லினக்ஸ் பக்கம் பகிர்வை நடத்தும் சாம்பா மென்பொருளுக்கு லினக்ஸ் பயனர் கணக்கு மட்டும் போதாது. அதற்கென்று தனியாகப் பாஸ்வேர்ட் பதியவேண்டும். பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கடைசியாக அனுமதி: பகிர்வில் கொடுத்த அனுமதியும் கோப்பின்மேல் உள்ள அனுமதியும் இரண்டும் இணங்கவேண்டும், எது கடுமையானதோ அதுவே செல்லும். முகவரி, நம்பிக்கை, பெயர், அனுமதி. இந்த நான்கில் ஒன்றாவது ‘நாம் இருவரும் ஒரே பெட்டிதானே’ என்ற உறவைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறதா? இல்லை. மதுரையில் இருக்கும் முகமறியாத ஒரு கணினியோடு பகிர வேண்டுமென்றாலும் இதே நான்கும்தான் வேண்டும். ஒரே பெட்டியில் இருப்பவை தம்மை இரண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகே ஒன்றுக்கு மற்றொன்று எதையாவது கொடுக்க முடிகிறது.

சாம்பாவின் பிறப்பும் இதையே காட்டுகிறது. 1991 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் அதை எழுதத் தொடங்கியபோது, மறுபக்கத்து மென்பொருளின் மூலநிரல் அவரிடம் இல்லை. கம்பியில் போகும் செய்திகளை உற்றுக் கவனித்து, மறுபக்கம் என்ன கேட்கிறது, எதற்கு என்ன பதில் எதிர்பார்க்கிறது என்று கற்றுக்கொண்டார். வேற்றாளின் பேச்சை வேற்றாளின் பேச்சாகவே கேட்டுக் கற்றதால் வந்த பாலம் அது.

இங்கே விஷயம் தெரிந்த ஒருவர் குறுக்கிடுவார். பிணையமே இல்லாமல் பகிரும் வழி விர்ச்சுவல்பாக்ஸில் இருக்கிறதே என்பார். உண்மை. ஷேர்டு ஃபோல்டர் என்ற அந்த வசதிக்கு ஐ.பி. முகவரியும் வேண்டாம், 445-ஆம் போர்ட்டும் வேண்டாம். கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை உள்கணினியில் நிறுவினால் போதும். வெளிக்கணினியின் ஃபோல்டர் உள்ளே தோன்றும். அத்வைதிக்கு இது நல்ல சான்று போலத் தெரியலாம். ஏனென்றால் அந்தத் துணை மென்பொருளை ஏற்றிய உள்கணினி, தான் தனி இயந்திரம் இல்லை, வேறொன்றின்மேல் நிற்பது என்று அறிந்த கணினி. அறிவு வந்தது, சுவர் விலகியது என்று சொல்லலாம் அல்லவா? ஆனால் அருகில் போய்ப் பார்க்கவேண்டும். எந்த ஃபோல்டரைக் காட்டுவது, படிக்க மட்டுமா எழுதவுமா என்பதை வெளிக்கணினியில் இருப்பவர் முன்கூட்டிக் குறித்துவைத்திருக்கவேண்டும், குறிக்காதது தெரியாது. உள்ளே ஓடுவது லினக்ஸாக இருந்தால், அதற்கென்று அமைந்த பயனர் குழுவில் சேராதவருக்குத் தானாக ஏற்றப்பட்ட ஃபோல்டர் கண்ணுக்குத் தெரிந்தும் திறக்காது. ஆக, தான் யார்மேல் நிற்கிறேன் என்று அறிந்த பின்னும் பெயரும் அனுமதியும் தேவைப்படுகின்றன. அறிவு வழியைக் காட்டியது, திறந்தது அனுமதி.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அத்வைதி சொல்வார்: நீங்கள் பேசுவதெல்லாம் நடைமுறை உலகத்து உண்மை. அந்த நிலையில் வேறுபாட்டை நாங்களும் மறுக்கவில்லையே. பரமார்த்த நிலையில் கொடுப்பவனும் இல்லை, கொள்பவனும் இல்லை. பகிர்வு என்ற கேள்வியே எழாது. மேலும் கணினி அறிவற்ற சடம். சடத்தை வைத்துப் பிரம்மத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். கணினியைக் கொண்டு பிரம்மத்தை அளக்க முடியாது என்பது சரி. நான் சோதிப்பது பிரம்மத்தை அல்ல, ஓர் அனுமானத்தை. ‘தாங்கும் அடிப்படை ஒன்று, ஆகவே தாங்கப்படுபவற்றின் வேறுபாடு தோற்றம் மட்டுமே, அந்த ஒருமையை அறிந்தால் வேறுபாடு நீங்கும்’ என்பது அந்த அனுமானம். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள், காரணம்போல் தோன்றிப் பிழைபடும் ஏதுப்போலிகளை மணிமேகலைக்கு விரித்துச் சொல்கிறார். அவற்றில் அநைகாந்திகத்தின் ஒரு வகை, நிறுவ வந்த முடிவு இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் காணப்படுகிற காரணம். அடிப்படை ஒன்றாயிருந்தும் வேறுபாடு மெய்யாகவே வேலை செய்கிற ஓர் இடத்தைக் கண்முன் காட்டிவிட்டால், ‘அடிப்படை ஒன்று’ என்ற காரணம் அந்த வகைப் போலியாகிவிடுகிறது. அதற்குப் பிறகும் அத்வைதம் உண்மையாக இருக்கலாம். ஆனால் சுருதியையோ அனுபவத்தையோ கொண்டு அது நிலைநாட்டப்படவேண்டும். குடத்து வெளியைக் காட்டி இனி முடியாது. பரமார்த்தத்தில் பகிர்வே இல்லை என்ற பகுதிக்கோ என் பதில் சுருக்கமானது: பகிர்வுக்கு இடமே தராத நிலையைக் காட்டி, பகிர்வில் வந்த தடையைத் தீர்த்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் எடுத்த நிலை எனக்கு இன்னும் துல்லியமாகப் படுகிறது. இறைவன் உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் இருக்கிறான் என்ற சைவ சித்தாந்தக் கொள்கையை, முரண்பட்ட மூன்றை ஒட்டுப்போட்டது என்று சிலர் தள்ளுவதுண்டு. விர்ச்சுவல் மெஷினை அறிந்தவருக்கு அதில் முரண் தெரியாது. உள்கணினி வெளிக்கணினியை விட்டு ஒரு கணமும் பிரிந்து நிற்க இயலாது. அந்த வகையில் ஒன்று. தன் கோப்பும் தன் கணக்கும் தன் பிழையும் உடையது. அந்த வகையில் வேறு. அது செய்யும் ஒவ்வொரு செயலிலும் வெளிக்கணினி கூடவே இருந்து செய்கிறது. அந்த வகையில் உடன். அருளைப் பற்றிச் சித்தாந்தம் சொல்வதும் இங்கே பொருந்தி வருகிறது. உயிர் தானாக அறியாது. இறைவன் காட்டவும் வேண்டும், கூட இருந்து காணவும் வேண்டும் என்று காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டு சொல்வார்கள். உள்கணினி தான் மெய்நிகர் என்று எப்படி அறிகிறது? ப்ராசசரைக் கேட்டால், உள்கணினியை நடத்தும் மேலாளர் மென்பொருள் ஒன்று அடியில் இருக்கிறது என்று ஒரு பிட் பதில் சொல்லும். அந்த பிட்டை அங்கே வைப்பது அந்த மேலாளர் மென்பொருள்தான். அது மறைக்க நினைத்தால் மறைக்கலாம். தன் ஆதாரத்தைப் பற்றிய அறிவே ஆதாரம் கொடுத்தால்தான் வருகிறது. ஓர் இடத்தில் இந்த ஒப்பீடு நின்றுவிடும் என்பதையும் சொல்லவேண்டும்: வெளிக்கணினி தனக்குள் இருக்கும் கடிதத்தை அறியாது, சித்தாந்தம் பதி என்று சொல்லும் இறைவனோ எல்லாம் அறிபவன். ஆகையால் சித்தாந்தம் இதனால் நிறுவப்பட்டது என்று நான் வாதிடவில்லை. அதன் வாய்பாடு பொருளற்றது என்ற குற்றச்சாட்டு நிற்காது என்ற அளவுக்கே வாதிடுகிறேன்.

வேறுபாட்டை இவ்வளவு வற்புறுத்தினால் சுவர்களைத்தானே வளர்ப்போம் என்று ஒருவர் கவலைப்படலாம். எல்லைப்புறத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் கவலை நியாயமானது. ஆனால் சுவரை இடித்துவிடுவது பகிர்வு ஆகாது. பகிர்வு வேலை செய்யவில்லை என்றால் பலரும் செய்வது ஃபயர்வாலை முழுக்க அணைப்பது, எல்லோருக்கும் முழு உரிமை என்று எழுதுவது, எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு முறையின் கைவிடப்பட்ட பழைய முதல் பதிப்பை மீண்டும் உயிர்ப்பிப்பது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் உலகெங்கும் பரவியது அந்தப் பழைய பகிர்வு முறையின் ஓட்டை வழியாகத்தான். பாலக்காட்டு ரயில்வே கோட்ட அலுவலகத்துக் கணினிகளும் அதில் சிக்கின. யாருக்கு என்று கேளாமல் திறந்த வாசலில் யார் வேண்டுமானாலும் வருவார்கள்.

மறுபக்கம், ஒருமையைச் சொல்லிக்கொண்டே வாசலை அடைத்து வைத்திருந்த வரலாறும் இதே பாலக்காட்டில் இருக்கிறது. எனக்கு வலிக்கிற இடம் அது. கல்பாத்தி அக்ரகாரத்தில் எல்லா உயிரும் ஒரே பிரம்மம் என்று தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. எதிரே வந்த சண்டாளனிடம் சங்கரர் பாடம் கேட்டதாகச் சொல்லும் மனீஷா பஞ்சகத்தை அறிந்த தெரு அது. அந்தத் தெருவில் 1924 நவம்பர் தேர்த் திருவிழாவின்போது நடந்து வந்த, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். கோயிலைச் சுற்றிய சாலைகளில் நடக்கும் உரிமை கேட்டு வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. கல்பாத்தியைத் திறந்தது ஒருமை பற்றிய கொள்கை இல்லை. அது பொதுச்சாலை, அதில் நடப்பது இன்னின்னார்க்கும் உரிமை என்று சட்டமன்றத்தில் பேசி, ஆணையாக எழுதி, நிலைநாட்டியதுதான். அத்வைதம் அந்தத் தடையை உண்டாக்கவில்லை என்று நல்ல அத்வைதிகள் சொல்வார்கள்; அதை ஏற்கிறேன். ஆனால் அதனால் அந்தத் தடையைக் காணவும் முடியவில்லை. எல்லாம் ஒன்று என்று முன்பே முடிவாகிவிட்ட மனத்துக்கு, வாசலில் நிற்கிறவனுக்கு இன்னும் அனுமதி வரவில்லை என்ற செய்தி எட்டுவதே இல்லை.

தண்ணீரிலும் இதே கதைதான், ஆனால் இங்கே முடிவு ஓரளவு நல்லது. ஆனைமலையில் பெய்யும் மழைக்குக் கேரளம் தமிழ்நாடு என்ற வேறுபாடு தெரியாது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் நிற்பது கேரள மண்ணில். அவற்றைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாடு. மலை ஒன்று, மழை ஒன்று என்று பேசி இது அமையவில்லை. 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியாகும்படி 1970 மே 29-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம், மணக்கடவு தடுப்பணையில் அளந்து சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. விடவேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஒப்பந்தம் பற்றிப் பூசல்கள் இருக்கின்றன, வறண்ட ஆண்டுகளில் கடுமையாகவும் எழுகின்றன. ஆயினும் சித்தூர் உழவர் தம் பங்கைக் கேட்க முடிவது, அந்தப் பங்குக்கு ஓர் இடமும் ஓர் அளவும் எழுதப்பட்டிருப்பதால். ஆறு ஒன்றுதானே என்ற பேச்சை வைத்து ஒரு மடைகூடத் திறக்காது.

ஆகவே எல்லையோரப் பள்ளிகளில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிணையப் பாதை கிடைக்கவில்லை என்ற பிழைச் செய்தி வரும்போது ஃபயர்வாலை அணைத்து வேலையை முடித்துவிடாதீர்கள். இரண்டுக்கும் முகவரி கொடுங்கள். பகிர்வுக்கென்று ஒரு பயனர் பெயர் உண்டாக்குங்கள். யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று எழுதிவையுங்கள். ஒரே கணினிக்குள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைய பாடத்தைச் சற்று நிறுத்திவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சைவ வகுப்பு நடத்துகிறவர்களும் வேதாந்தம் சொல்லிக்கொடுக்கிறவர்களும் அதே கேள்வியைத் தங்கள் வகுப்புக்கு எடுத்துச் சென்றால் நல்லது.